மழை மாதத்தில் பினாங்கு: லாஸ்பேட்டை ஷட்டில் கோஷ்டிக்கு ஒரு பயண வழிகாட்டி

சீசன் இல்லாத மாதத்தில் விளையாட்டுப் பயிற்சி முகாமுக்கு ஒரு தீவுக்குப் போனால் செலவு குறையும். இது எல்லோருக்கும் தெரியும். ஏன் குறைகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். ஸ்பெயினின் மயோர்கா தீவில், ரஃபேல் நடாலின் சொந்த ஊரான மனகோரில், 2016 முதல் அவருடைய டென்னிஸ் அகாடமி நடக்கிறது. அங்கே சீசன் முடிந்துவிட்டது என்றால் கடலில் இறங்க முடியாத அளவுக்குக் குளிர் வந்துவிட்டது என்று பொருள். டென்னிஸ் ஆட அந்தக் குளிர்தான் சுகம். ஐரோப்பியர்கள் சொல்லும் பயண யோசனைகள் எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. நம் பக்கத்துத் தீவுகளில் சீசன் இல்லை என்றால் மழை. மழையில் டென்னிஸ் கோர்ட் கிடக்கும் கோலத்தை நான் விவரிக்கத் தேவையில்லை.

அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு வழி ஒன்றுதான்: கூரைக்குள் ஆடும் ஆட்டமாக இருக்க வேண்டும். ஷட்டில் அல்லது ஸ்குவாஷ். அதை முடிவு செய்துகொண்டு, பிறகு தீவைத் தேடுங்கள். தீவை முதலில் முடிவு செய்துவிட்டு அங்கே கோர்ட் தேடுகிறவர்கள், கடைசியில் ஹோட்டல் வளாகத்தில் வலை தொங்கும் ஒரு சிமெண்ட் தரையில் போய் நிற்பார்கள்.

எந்தத் தீவு

மூன்றைப் பரிசீலிக்கலாம். அந்தமானுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும் விமானம், இறங்கியதும் தமிழ் காதில் விழும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையிலான படகுகள் நின்றுபோகும். போர்ட் பிளேரை விட்டு (2024 செப்டம்பர் முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) வேறு தீவுக்குப் போகாத திட்டம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

இலங்கைக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கரை நனையும். ஆண்டு இறுதியில் வடக்கும் கிழக்கும் நனையும். ஆகவே எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு பக்கம் சீசன் இல்லாமல் இருக்கும், இன்னொரு பக்கம் வெயில் அடிக்கும். குடும்பத்தோடு சுற்ற இதைவிட வசதி கிடையாது. காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போய், காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறும் ஆசையும் பலருக்கு இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அதை நம்பித் தேதி குறிக்க வேண்டாம்.

என் ஓட்டு மலேசியாவின் பினாங்குக்கு. ஆட்டம் அந்த மண்ணிலேயே இருக்கிறது. 1949இல் முதல் தாமஸ் கோப்பையை வென்றது மலாயா அணி. 1953, 1954, 1956, 1957 என்று நான்கு முறை ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டம் வென்ற எடி சூங் பினாங்குக்காரர். ஷட்டில் வீரர் லீ சோங் வெய் வளர்ந்த புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில்தான் இருக்கிறது. ஸ்குவாஷில் எட்டு முறை உலக சாம்பியனான நிக்கோல் டேவிட் ஜார்ஜ் டவுனில் பிறந்தவர். தீவில் அவர் பெயரிலேயே ஒரு ஸ்குவாஷ் மையம் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் ஷட்டில் கோர்ட் என்பது பணக்காரர் கிளப்பின் சொத்தாக இருப்பதில்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கூடங்கள் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே இருக்கும். வேலை முடிந்து வருகிற மெக்கானிக்கும் வங்கி ஊழியரும் பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டில் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு ஒரு மாலை ஆடுவதே பாதிப் பயிற்சி.

எந்த மாதம்

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அப்போதுதான் வரும், அறை வாடகை ஏறும். செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும் மழை. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் படுத்துக் கிடக்க வருகிறவர்களுக்கு அது தொல்லை. உங்களுக்கு அந்த நேரத்தில் தலைக்கு மேல் கூரை இருக்கும்.

செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குள் போய்த் திரும்புவதுதான் நல்லது. அதற்குக் காரணம் பினாங்கு அல்ல, நம் ஊர். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குப் பிறகு சென்னையில் இறங்கி ஈசிஆர் வழியாகப் புதுச்சேரி வந்து சேர்வது சில நாட்களில் தனி சாகசம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் ஆண்டுக்கு ஆண்டு தள்ளித் தள்ளி வரும்; அவற்றையும் மலேசியப் பள்ளி விடுமுறைகளையும் காலண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த மாதங்களுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. சுமத்ராவில் காடு எரிந்தால் புகை கடலைத் தாண்டி வரும். 2015இலும் 2019இலும் பினாங்கு அப்படிப் புகை மூட்டத்தில் கிடந்தது. ஷட்டில் கூடங்கள் பலவும் காற்றோட்டத்துக்காகத் திறந்த அமைப்பில் இருப்பவை, புகை உள்ளே வரும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே காற்றின் தரத்தைப் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர் கோஷ்டியில் இருந்தால், டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுப்பது புத்திசாலித்தனம்.

யார் யார்

எட்டுப் பேர். நான்கின் மடங்காக இருந்தால் இரட்டையர் ஆட்டத்தில் யாரும் பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை. ஏழு பேரானால் ஏழாவது ஆளின் முகம் மூன்றாம் நாளில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டத் தரம் ரொம்ப வித்தியாசப்பட்டால் இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு பயிற்சி கேளுங்கள். வலுவானவரையும் நேற்றுத்தான் பேட் பிடித்தவரையும் ஒரே பயிற்சியில் நிறுத்தினால் இருவருக்கும் பணம் வீண்.

பணத்துக்கு ஒருவர், முடிவெடுக்க ஒருவர். இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். முன்பணம் கட்டிய பிறகு விலகுகிறவருக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை வாட்ஸ்அப் குழுவில் முதல் வாரமே எழுதிவிடுங்கள். "நமக்குள்ள என்னப்பா" என்று விட்டால் அங்கேதான் நட்பு முறியும்.

முகாமை நீங்களே கட்டுங்கள்

பினாங்கில் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் அகாடமிகள் உண்டு. நாற்பது வயதுக்காரர்களுக்கு, அதுவும் ஒரே வாரத்துக்கு, ஆயத்தமாக ஒரு முகாம் கிடைப்பது நம் தேதியைப் பொறுத்தது. காத்திருக்காதீர்கள். கோர்ட்டைத் தனியாக, பயிற்சியாளரைத் தனியாகப் பேசினால் அதுவே முகாம்.

முதலில் கூடம். தங்கப்போகும் இடத்திலிருந்து பதினைந்து, இருபது நிமிடத்துக்குள் மூன்று கூடங்களைக் குறித்துக்கொண்டு செய்தி அனுப்புங்கள். தரை என்ன என்று கேளுங்கள்: மரத்தின் மேல் மேட் விரித்ததா, சிமெண்டின் மேலேயே விரித்ததா? ஒரு வாரம் தொடர்ந்து ஆடப்போகும் முழங்கால்களுக்கு இதுதான் முதல் கேள்வி. அடுத்து விளக்குகள். கோர்ட்டுக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் உயரமாக வரும் பந்து கண்ணில் படாது. பக்கவாட்டில் இருக்க வேண்டும். மழை நாளில் தரை வியர்க்குமா என்பதையும் விடாதீர்கள். ஈரப்பதம் ஏறும்போது சில கூடங்களில் மேட் வழுக்கும், கணுக்கால் போய்விடும். வாயால் சொல்வதை நம்பாமல், மாலை ஏழு மணிக்கு எடுத்த ஒரு நிமிட வீடியோ கேளுங்கள். நல்ல கூடம் உடனே அனுப்பும்.

வார நாள் மாலை ஏழு முதல் பதினொன்று வரையும் சனி, ஞாயிறு முழுக்கவும் உள்ளூர்க்காரர்கள் கோர்ட்டைப் பிடித்திருப்பார்கள். வார நாள் காலை காலியாக இருக்கும், வாடகையும் பெரும்பாலும் குறைவு. ஆகவே ஞாயிறு போய்ச் சேர்ந்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஆடுவதுபோல் டிக்கெட் எடுங்கள்.

பிறகு பயிற்சியாளர். கூடத்தில் கேட்டாலே இரண்டு, மூன்று பெயர்கள் தருவார்கள். நான்கு பேருக்கு ஒரு பயிற்சியாளர் என்பது மேல்வரம்பு. அவரிடம் "எல்லாம் சொல்லிக் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். ஐந்து நாளில் ஒருவருக்கு இரண்டு விஷயம் மாறினால் பெரிய லாபம். ஒவ்வொருவரும் இங்கே ஆடும் ஒரு கேமை கோர்ட்டின் பின்னாலிருந்து செல்போனில் எடுத்து முன்கூட்டியே அனுப்பிவைத்தால், அவரே எந்த இரண்டு என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் கால் வைக்கும் முறைதான் வரும், கூடவே பேட்டைத் தாழ்த்திப் பிடிக்கும் பழக்கம்.

ஸ்குவாஷும் ஒரு நாள் முயன்று பார்க்க விரும்பினால், தொடங்குகிறவர்களுக்குரிய, நன்றாக எழும்பும் பந்தைக் கேட்டு வாங்குங்கள். இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து போட்டி ஆட்டக்காரர்களுக்கானது; சூடேறாமல் எழும்பாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

காக் கணக்கு

இதைப் பலர் பட்ஜெட்டில் விட்டுவிடுவார்கள். இரண்டு கோர்ட்டில் தினம் இரண்டு மணி நேரம் கேம், புதன் மாலை ஓய்வு போக நான்கு நாள் என்றால் மொத்தம் 16 கோர்ட் மணி. இறகு காக் மணிக்கு மூன்று என்று வைத்தால் 48, அதாவது 12 அடங்கிய டியூப் நான்கு. பயிற்சிக்குப் பயிற்சியாளரே பழைய காக்குகளைக் கூடையில் கொண்டுவருவார், அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இங்கிருந்து சுமக்க வேண்டாம், கூடத்திலேயே வாங்கலாம். வேக எண்ணை மட்டும் பாருங்கள். சூடான காற்றில் காக் வேகமாகப் பறக்கும் என்பதால் வெப்பமான ஊருக்கு எண் குறைந்தது வேண்டும். பினாங்கும் நம் ஊர்போலக் கடல்மட்டம், அதே புழுக்கம், ஆகவே 76 சரியாக இருக்கும். ஏசி கூடமானால் 77. சந்தேகமிருந்தால் கடைசிக் கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடியுங்கள். எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால் வேகம் சரி என்பது உலக பேட்மிண்டன் கூட்டமைப்பின் விதி.

ஆறு வாரம் முன்பே

வாரம் இரண்டு நாள் ஆடுகிற உடம்பு திடீரென்று தினம் மூன்றரை மணி நேரம் ஆடினால் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் பதில் சொல்லும். பயிற்சி முகாம் போய் இரண்டாம் நாளே ஐஸ் கட்டியோடு அறையில் படுத்தவர் எல்லாக் கோஷ்டியிலும் ஒருவர் உண்டு. லாஸ்பேட்டைக்காரர்களுக்கு ஹெலிபேட் மைதானம் இருக்கிறது. காலை நடையை விடாமல், வாரம் மூன்று நாள் அங்கே இருபது நிமிடம் மெதுஓட்டமும் கயிறு தாண்டுதலும் சேருங்கள். வீட்டு மாடிப்படியின் விளிம்பில் முன்னங்காலை ஊன்றி, குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றுவதைத் தினம் செய்யுங்கள். நான்காம் வாரத்திலிருந்து அடுத்தடுத்த இரண்டு நாட்கள் ஆடிப் பாருங்கள். மூன்றாம் நாள் காலையில் படியிறங்க முடிகிறதா என்பதுதான் பரீட்சை. இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் டிக்கெட்டுக்கு முன்னாலேயே மருத்துவரைப் பாருங்கள்.

தாள்களும் டிக்கெட்டும்

இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் அனுமதி தருகிறது. 2026 இறுதி வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு போகிறவர்கள் புதிய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுள், திரும்பும் டிக்கெட், தங்குமிட ஆதாரம், கையில் போதிய பணம் ஆகியவை தயாராக இருக்க வேண்டும். நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். கோஷ்டியில் பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர் இருந்தால் (நம் ஊரில் இல்லாமல் இருக்குமா?) திரும்பி வர அவருடைய ஓசிஐ அட்டையும் கையோடு இருக்க வேண்டும்.

விமான நிலையம் லாஸ்பேட்டையிலேயே இருக்கிறது, நமக்குப் பயன்படாது. 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய சேவை பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும்தான். அதே மாதத்தில்தான் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் தொடங்கியது. பயணம் நாலு மணி நேரத்தை ஒட்டி. நேரடி விமானம் உங்கள் தேதிக்கு அமையவில்லையென்றால் கோலாலம்பூர் போய், அங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த் வந்து, படகில் ஜார்ஜ் டவுனுக்குக் கடக்கலாம். படகுப் பயணம் அழகு. பேட் பையும் பெட்டியுமாக எட்டுப் பேர் கடப்பது அவ்வளவு அழகாக இராது.

சென்னை விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். எட்டுப் பேருக்கு வேன் பேசுவது பஸ்ஸைவிடப் பெரிய செலவாகாது. விடியற்காலை விமானமானால் வேறு வழியும் இல்லை.

பெட்டியில்

பேட்டுகளைத் துணிகளுக்கு நடுவில் வைத்துச் செக்-இன் பெட்டியிலேயே அனுப்புங்கள். பாதுகாப்புச் சோதனையில் வாதாடுவதைவிட அது மேல். ஒருவருக்கு இரண்டு பேட், கிளம்பும் வாரத்தில் புதிதாகக் கட் போட்டது. கோர்ட்டில் கறை பதிக்காத ரப்பர் அடியுள்ள ஷூ இரண்டு ஜோடி. அந்த ஈரப்பதத்தில் காலையில் நனைந்த ஷூ மாலைக்குள் காயாது. பழைய நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்து வைத்தால் மறுநாளைக்கு ஆகும். டி-ஷர்ட் ஒரு நாளைக்கு இரண்டு. கிரிப் டேப், ஓஆர்எஸ் பாக்கெட், முழங்கால் பட்டை. மலேசியாவில் இங்கிலாந்து பாணி மூன்று செவ்வகக் கம்பி பிளக் என்பதால் அடாப்டர். பயணக் காப்பீடு எடுக்கும்போது விளையாட்டுப் பயிற்சியில் படும் காயம் அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு நாள் எப்படி ஓட வேண்டும்

மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை எட்டு என்றால் உடம்புக்கு ஐந்தரை. முதல் நாள் பயிற்சியைப் பத்து மணிக்கு வையுங்கள், பிறகு ஒன்பதுக்கு இழுக்கலாம். காலை ஒன்றரை மணி நேரம் பயிற்சி. பகல் சாப்பாடு, தூக்கம். மழை ஓய்வதற்குள் நாலு மணியிலிருந்து ஆறு வரை கேம். அந்த இரண்டு மணி நேரத்தில் காலையில் கற்றதை மட்டும் முயலுங்கள், தோற்றால் பரவாயில்லை. புதன்கிழமை மாலை ஓய்வு. இந்த ஓய்வைத்தான் முதலில் வெட்டப் பார்ப்பார்கள். முடிவெடுக்கும் ஆள் விடக்கூடாது.

ஒரு மாலையாவது உள்ளூர்க் கோஷ்டியோடு ஆட ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஐம்பது வயது தாண்டிய சீனப் பெரியவர்கள் நின்ற இடத்திலிருந்தே உங்களை மூலைக்கு மூலை ஓட விடுவார்கள்.

உணவைப் பற்றி ஓர் எச்சரிக்கை: தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த நாசி கண்டார் பினாங்கின் பெருமை. குழம்பு மேல் குழம்பாக ஊற்றித் தருவார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுக் கோர்ட்டுக்குள் போகாதீர்கள், ஆட்டம் முடிந்த இரவுக்கு வையுங்கள். பகலுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு இருக்கிறது. சைவக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழா, சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாட்கள், சில ஆண்டுகளில் நம் நவராத்திரியை ஒட்டியே வரும். அந்த நாட்களில் மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் எல்லாம் சைவம்தான்.

ஆடாமல் கூட வருகிறவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துக் கைதட்ட வைக்காதீர்கள். ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள் 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. குயீன் தெரு மாரியம்மன் கோயிலும், காதர் மொய்தீன் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நடக்கும் தூரத்தில். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படி. ஆடுகிறவர்கள் அந்தப் படிகளைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வது முழங்காலுக்கு நல்லது. பினாங்கு மலை ரயிலுக்குக் காலையிலேயே போக வேண்டும், பிற்பகலில் மேலே மேகம்தான் தெரியும்.

திரும்பிய பிறகு

வந்த மறுநாளே ஊர்க் கோர்ட்டில் இறங்கிப் புது ஸ்மாஷைக் காட்ட எல்லோருக்கும் கை பரபரக்கும். மூன்று நாள் பொறுங்கள். அதற்குள் பயிற்சியாளர் எடுத்த வீடியோக்களை ஒரே இடத்தில் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் அவர் சொன்ன இரண்டு திருத்தங்களை எழுதி அனுப்புங்கள். ஒரு மாதம் போனால் யாருக்கும் நினைவிருக்காது. கணக்கை ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். மிஞ்சிய ரிங்கிட்டை மாற்றி, மிஞ்சிய காக்கை எண்ணி, எட்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.